வாசனை தெரியாமல் போன அம்மாவுக்கு வீட்டில் எப்படி உதவுவது?

கும்பகோணத்தான் (கேள்வி)

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. சென்ற ஆண்டு வந்த கடுமையான வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனையே தெரிவதில்லை. இப்போது சளியோ மூக்கடைப்போ எதுவும் இல்லை. குழம்பை நாவில் விட்டுப் பார்க்காமல், கொதிக்கும்போது எழும் ஆவியை வைத்தே பதம் சொல்லக்கூடியவர், பெருங்காயம் போட்டாயிற்றா என்று இப்போது என்னைக் கேட்கிறார். சாப்பாடு பாதியாகி, எடையும் குறைந்துவிட்டது. அதைவிடக் கவலை தருவது வேறொன்று: தன் மேல் வியர்வை நாற்றம் வீசுகிறதோ என்ற சந்தேகத்தில் மூன்று வேளையும் குளிக்கிறார், உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். "கண்ணா போயிற்று, காதா போயிற்று, மூக்குதானே" என்று உறவினர்கள் சொல்லும்போது அவர் பதில் பேசுவதில்லை. இந்த இழப்பு உண்மையிலேயே ஒருவரை இந்த அளவுக்குப் பாதிக்குமா, அல்லது மனச்சோர்வு தனியாக வந்திருக்கிறதா?

நெல்லைச் சீமை

பைக் விபத்தில் தலையில் அடிபட்டு முகர்திறனை இழந்தவன் என்பதால் எழுதுகிறேன். அம்மாவின் சந்தேகம் மிகையானதல்ல. நம் உடலின் வாடை நமக்குத் தெரியாதபோது, எதிரில் இருப்பவர் சற்று முகம் சுளித்தாலும் நம்மால்தானோ என்று தோன்றும். அவரிடம் "ஒன்றும் இல்லை, விடுங்கள்" என்று தேற்றுவதைவிட, அவர் கேட்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்லும் ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய நிம்மதி; எனக்கு என் தங்கை அப்படி இருக்கிறாள்.

உணவைப் பொறுத்தவரை, நாவு சுவையாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், தக்காளி போன்றவற்றில் இருக்கும் சுவை) ஆகியவற்றை மட்டுமே. மற்ற ருசியில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான். ஆகவே ரசத்தில் புளிப்பும் உப்பும் மிளகின் எரிச்சலும் தெரியும், சீரகமும் கொத்தமல்லியும் தெரியாது. புளித்த வெந்நீரைக் குடிப்பதாகவே இருக்கும். அந்தக் குறையை ஈடுகட்ட உப்பையும் சர்க்கரையையும் கூட்டத் தோன்றும் என்பதால், இரத்த அழுத்தமோ நீரிழிவோ இருந்தால் கவனமாக இருங்கள். மொறுமொறுப்பான அப்பளம், வறுத்த வேர்க்கடலை, குளிர்ந்த வெள்ளரிக்காய் போன்றவை எனக்குச் சாப்பாட்டில் ஓரளவு பிடிப்பைத் திரும்பக் கொடுத்தன.

எரிவாயுவை மறந்துவிடாதீர்கள். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் ஏறக்குறைய மணமே கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றே அதில் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள், அந்த எச்சரிக்கை எங்களைப் போன்றவர்களை எட்டுவதில்லை. கசிவை அறிவிக்கும் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்துங்கள், ஏனெனில் அந்த வாயு காற்றைவிடக் கனமானது.

காது மூக்கு தொண்டை மருத்துவர்

இழப்பா, மனச்சோர்வா என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. முகர்வுச் செய்தி, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு மிக நேரடியாகச் செல்கிறது. சோர்வு நீடித்தால் அதற்கும் தனியாகச் சிகிச்சை பெறுங்கள்.

முதலில் மூக்கினுள் எண்டோஸ்கோப்பி (சிறு கேமரா கொண்ட குழாயால் பார்க்கும் பரிசோதனை) செய்து, சதை வளர்ச்சியோ நாள்பட்ட சைனஸ் அழற்சியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவை இருந்தால் மருந்தோ அறுவையோ பலன் தரும். காய்ச்சலுக்குப் பிந்தைய இழப்பு என்றால், முகர்வு நரம்பணுக்கள் புதிதாக உருவாகக்கூடியவை என்பதால் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட பயிற்சிமுறையில் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களை நாள்தோறும் காலையும் மாலையும், 12 வாரங்கள் முகரச் செய்தார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவும் ஆபத்தும் குறைவு. ஒவ்வொன்றையும் சில விநாடிகள் மெதுவாக முகர்ந்து, அதன் பழைய வாசனையை மனத்தில் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணெய் எதையும் மூக்கில் ஊற்றக் கூடாது.

ஃபில்டர் காபி

ஒரு முன்னறிவிப்பு: வாசனை திரும்பும்போது முதலில் கோணலாகத் திரும்பலாம். கோவிட்டுக்குப் பிறகு எனக்குக் காபியும் வதக்கிய வெங்காயமும் பூண்டும் கருகிய ரப்பரைப் போலக் குமட்டின. அந்த மாதங்களில் தாளிக்காத தயிர்சாதமும் ஆறிப்போன இட்லியும்தான் இறங்கின, ஏனெனில் சூடு குறைந்தால் மணமும் குறைவாகவே எழும். அம்மா திடீரென்று தட்டைத் தள்ளிவைத்தால் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கும்பகோணத்தான்

அனைவருக்கும் நன்றி. அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. யூகலிப்டஸ் தைலத்தை முகரலாமா?

காது மூக்கு தொண்டை மருத்துவர்

காரமான நெடி சிலருக்கு மூச்சிறைப்பைத் தூண்டும் என்பதால் தைலத்தை விட்டுவிட்டு, அவருக்கு நன்கு பழக்கமான ஏலக்காயை வைத்துத் தொடங்குங்கள். மற்ற மூன்றிலும் மூச்சுக்குச் சிரமம் தெரிந்தால் நிறுத்திவிட்டு, ஆஸ்துமாவுக்குப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.