காசியானா, வென்ட்ரிகோசா கலப்பின விதைகள்

கேள்வி: மேகாலயத்தைத் தாயகமாகக் கொண்ட காசியானா குடுவைத் தாவரத்தின் பெண் செடி என்னிடம் முதன்முறையாக மொட்டு விட்டிருக்கிறது. நண்பரின் வென்ட்ரிகோசா என்ற மற்றொரு குடுவைத் தாவர இனத்தின் ஆண் செடியோ இப்போதே பூத்து முடியும் நிலையில் உள்ளது. அதன் மகரந்தத்தைச் சேமித்துக் கலப்பின விதை எடுக்க இயலுமா? சென்ற ஆண்டு விலைக்கு வாங்கிய விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

பதில் 1: இயலும். இவ்விரண்டும் அடங்கிய நெப்பந்தஸ் பேரினத்தில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு செடிகளில் இருப்பதால், கலப்புச் செய்ய மகரந்தத்தாள்களை முன்கூட்டியே நீக்க வேண்டிய வேலை இல்லை. மகரந்தத்தை உலர்த்தி, ஈரம் புகாத குப்பியில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்; பெண் பூவின் சூல்முடி ஈரப் பளபளப்புடன் தெரியும் நாள்களில் மெல்லிய தூரிகையால் தடவுங்கள். ஒரே கதிரில் பூக்கள் கீழிருந்து மேலாக விரிவதால் இதைப் பல நாள் தொடர வேண்டியிருக்கும்.

பதில் 2: சென்ற ஆண்டு விதைகள் பழையவையாக இருந்திருக்கும், இவ்விதைகளின் முளைப்புத்திறன் விரைவில் குன்றும். காய் பழுப்பாகி வெடிக்கத் தொடங்கியதும் எடுத்து, நீரைத் தேக்கி வைக்கும் ஸ்பேக்னம் பாசியின் மேல் மூடாமல் தூவி, மழைநீர் தெளித்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். உரம் கலந்த மண் வேண்டவே வேண்டாம்.

பதில் 3: பொறுமையும் தேவை. முளைக்கவே ஓரிரு மாதங்கள் ஆகலாம். உடன்பிறந்த நாற்றுகளே குடுவையின் நிறத்திலும் வடிவிலும் வேறுபடும் என்பதால், தொடக்கத்திலேயே எதையும் கழித்துவிடாதீர்கள்.