அதிரசப் பாகு: கம்பிப் பதமா, தக்காளிப் பதமா?

கேள்வி: புதுக்குடித்தனம்

வணக்கம். என் அப்பாயியின் குறிப்பேட்டைப் பார்த்து இரண்டு முறை அதிரசம் செய்து, இரண்டு முறையும் தோற்றிருக்கிறேன். மாவுப் பச்சரிசி 1 கிலோ, பாகு வெல்லம் முக்கால் கிலோ, ஏலக்காய், சுக்கு என்று அளவெல்லாம் தெளிவாக எழுதியிருக்கும் அவர், பாகைப் பற்றி மட்டும் "பதம் வந்ததும் இறக்கி மாவைக் கொட்டிக் கிளறவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முதல் முறை ஒற்றைக் கம்பிப் பதம் என்று எண்ணி இறக்கினேன். மறுநாள் தட்டிப் போட்டவுடன் ஓரமெல்லாம் நுரைத்துப் பிரிந்து, வாணலியின் அடியில் மண்டிபோல் படிந்துவிட்டது. அடுத்த முறை கூடுதலாகக் காய்ச்சினேன். வரட்டி போல் இறுகி, பல்லுக்கே பிடிபடவில்லை. பிசுக்குப் பதம், கம்பிப் பதம், தக்காளிப் பதம், கெட்டிப் பாகு என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். அடுப்பின் முன் நிற்பவர் இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

மறுமொழி: ஆச்சி வீட்டு அடுப்படி

உங்கள் அப்பாயியைக் குறை சொல்ல முடியாது. அவருடைய காலத்தில் பதம் என்பது பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதாக இருந்ததே தவிர, எழுதிவைக்க வேண்டியதாக இருக்கவில்லை.

இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே பாகு கொதிக்கக் கொதிக்கக் கடந்து செல்லும் படிகளே. சர்க்கரை கரைந்து கொதித்து, விரலில் ஒட்டும் அளவுக்கு வந்தால் பிசுக்குப் பதம். குலாப் ஜாமூனுக்கு அது போதும். கரண்டியில் எடுத்த பாகைச் சற்று ஆறவிட்டு, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்துப் பிரிக்கும்போது, அறுபடாமல் ஓர் இழை நீண்டால் அது ஒற்றைக் கம்பிப் பதம். மைசூர்பாகுக்குக் கடலை மாவைக் கொட்ட வேண்டிய இடம் அதுதான்.

அதிரசம் அதற்கும் அடுத்த படியில் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து அருகில் வைத்துக்கொண்டு, அதில் ஒரு சொட்டுப் பாகை விடுங்கள். கரைந்து பரவினால் இன்னும் ஆகவில்லை. கரையாமல் அடியில் தங்கி, விரலால் கூட்டினால் திரண்டு, உருட்டினால் பழுத்த தக்காளியைப் போல மெத்தென்று அமுங்கும் உருண்டையானால் அதுதான் தக்காளிப் பதம். உருட்டுப் பதம் என்றும் சொல்வதுண்டு. அதையும் தாண்டவிட்டு, உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று ஓசை வரும் அளவுக்குப் போனால் அது கடலை உருண்டைக்கான கெட்டிப் பாகு. உங்கள் முதல் அதிரசம் ஒரு படி முன்னதாகவும், இரண்டாவது ஒரு படி பின்னதாகவும் இறங்கியிருக்கின்றன. தக்காளிப் பதம் வந்த பின் கெட்டிப் பாகாக மாற அதிக நேரம் பிடிக்காது. ஆகவே சோதிக்கும்போதெல்லாம் அடுப்பைக் குறைத்துவிடுங்கள்.

மறுமொழி: உதகைவாசி

ஆச்சி சொன்ன படிகளைச் சூட்டளவிலும் சொல்லலாம். கொதிக்கும் பாகிலிருந்து நீர் ஆவியாக ஆவியாகச் சர்க்கரையின் செறிவு கூடி, அதனால் கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகிறது. தக்காளிப் பதம் என்பது ஏறத்தாழ 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை. ஆனால் வெப்பமானியை மட்டும் நம்பிய நானும் ஒரு முறை கல்லுபோன்ற அதிரசத்தைத் தின்றிருக்கிறேன். எங்கள் ஊரின் உயரத்தில் தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடுகிறது. ஆகவே பாகுக்கும் சுமார் 7 டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. கிண்ணத்துத் தண்ணீருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

மறுமொழி: சல்லடை

பாகைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். மாவை யாரும் கேட்கவில்லை. அதிரசத்துக்கு ஈரமாவு வேண்டும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, கையில் ஈரம் தெரிந்தும் ஒட்டாத நிலையில் அரைத்துச் சலிக்க வேண்டும். சலித்த மாவைக் கைப்பிடியில் அழுத்தினால் கொழுக்கட்டைபோல் பிடிபட்டு, தொட்டால் உதிர வேண்டும். கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் உலர்ந்த மாவு பாகின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், பதம் சரியாக இருந்தாலும் அதிரசம் இறுகிவிடும்.

வெல்லத்தைக் கரைத்தவுடன் மண் போக வடிகட்டிவிட்டுப் பிறகு பாகு காய்ச்சுங்கள். கிளறிய மாவை ஒரு நாளாவது மூடி வைத்துவிட்டுத் தட்டுங்கள். பிரிந்துபோகும் மாவை எறிய வேண்டியதில்லை. சிறிது ஈரமாவைச் சேர்த்துப் பிசைந்து, ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். இறுகிய மாவுக்குப் பாலைத் தெளித்துப் பிசையலாம்.

கேள்வி கேட்டவர்: புதுக்குடித்தனம்

மூவருக்கும் நன்றி. இரண்டு முறையும் கடை மாவைத்தான் வாங்கியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நேற்றுக் கால் கிலோ அரிசிக்கு மட்டும் பாகு காய்ச்சினேன். நான்காவது சொட்டு உருண்டது. இன்று மாலை தட்டி எடுத்து, இரண்டு ஜல்லிக்கரண்டிகளுக்கு இடையில் வைத்து எண்ணெயைப் பிழிந்தேன், ஒன்றுகூடப் பிரியவில்லை. நடுவில் மட்டும் சற்றுத் தடிமனாகத் தட்டிவிட்டதால், இரண்டில் மாவு வேகவில்லை.