திரையில் மாற்றுவதா, பி.எல்.சி.க்குள் மாற்றுவதா? அம்பத்தூர் உலையில் மைனஸ் 558 டிகிரி

உலைமேடை
அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெப்பப் பதப்படுத்தும் பட்டறை ஒன்றில் பராமரிப்பு பார்க்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளரின் தாளில் டெம்பரிங் (எஃகைக் கடினப்படுத்திய பின் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்துவது) வெப்பநிலை 755 ஃபாரன்ஹீட் என்று இருக்கிறது. எங்கள் உலை செல்சியசில் ஓடுகிறது. பதிவேட்டுக்காக பி.எல்.சி.க்குள், அதாவது உலையை இயக்கும் தொழிற்சாலைக் கணினிக்குள், செல்சியசை ஃபாரன்ஹீட்டாக்கும் ஒரு மாற்றுக் கணக்கு எழுதினோம். 360 செல்சியஸ் வரை ஒழுங்காக 680 என்று காட்டியது. 400ஐத் தொட்டபோது திரையில் மைனஸ் 558.7! வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஹீட்டர் செல்சியஸ் கணக்கில் ஓடுவதால் சரக்கு தப்பியது. இந்த மாற்றத்தை பி.எல்.சி.யில் வைப்பதே தவறா?

ஒற்றை_அலகு
தவறுதான். தனிப்பூஜ்ய வெப்பநிலையே மைனஸ் 459.67 ஃபாரன்ஹீட். உங்கள் உலை அதற்கும் 99 டிகிரி கீழே போயிருக்கிறது, வாழ்த்துகள்.

நடந்தது இதுதான். நீங்கள் பத்தில் ஒரு டிகிரியாகச் சேமிக்கிறீர்கள். 400.0 என்பது ரெஜிஸ்டரில், அதாவது எண்ணை வைக்கும் நினைவகக் கட்டத்தில், 4000. அதை 9ஆல் பெருக்கினால் 36000. குறியுள்ள 16 பிட் ரெஜிஸ்டர் 32767க்கு மேல் தாங்காது, சுற்றிக்கொண்டு மைனஸ் 29536 ஆகிவிடும். அதை 5ஆல் வகுத்து 320 (அதாவது 32.0) கூட்டிப் பாருங்கள், மைனஸ் 5587 வரும். 364.0 வரை பிழைப்பீர்கள், 364.1இல் கவிழ்வீர்கள். ஃபாரன்ஹீட் என்பது மனிதர் படிப்பதற்கான வேடம். அது திரையோடு நிற்கட்டும். உள்ளே ஒரே அலகு போதும்.

கிண்டிக்காரன்
ஐயா, கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவார்களா, வீட்டைக் காலி செய்வார்களா? 32 பிட்டில் பெருக்கியிருந்தால் இந்தப் பிழையே வந்திருக்காது. பிழை எழுதியவருடையது, இடத்தினுடையது அல்ல.

திரை திரை என்கிறீர்களே, எந்தத் திரை? உலைக்குப் பக்கத்தில் ஒன்று, மேலாளர் அறையில் கணினி ஒன்று, அறிக்கை அச்சிடுவது மற்றொன்று. மூன்றும் தனித்தனியாக மாற்றினால் மூன்று விடை வரும். இவருடைய 755ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். செல்சியசில் 401.67. ஏதோ ஒரு கணினி அதை முழு எண்ணாக வாங்கினால் 402. திரும்ப மாற்றினால் 755.6, அதாவது 756. தணிக்கைக்கு வருபவர் தாளில் 755ஐயும் அறிக்கையில் 756ஐயும் பார்ப்பார். பி.எல்.சி.யில் ஒரே முறை மாற்றி, எல்லோருக்கும் அதே எண்ணைக் கொடுப்பதுதான் ஒழுங்கு.

ஒற்றை_அலகு
முழு எண்ணாக வாங்கச் சொன்னது யார்? தசமத்தை விட்டுவிட்டு அலகைத் திட்டுகிறீர்கள்.

உங்கள் கட்சியில் ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையே ஃபாரன்ஹீட்டுக்குத் திருப்பிவிடுபவர்களும் உண்டு. அவர்களில் எத்தனை பேர் பிராப்போர்ஷனல் பேண்டை, அதாவது ஹீட்டரின் சக்தி படிப்படியாகக் கூடிக் குறையும் வெப்பநிலை இடைவெளியை, தொடுகிறார்கள்? 10 செல்சியஸ் என்று வைத்திருந்த பேண்ட், அலகை மாற்றிய பிறகும் 10 என்றே இருந்தால், உண்மையில் 5.6 செல்சியசாகச் சுருங்கிவிடுகிறது. அதை 18 ஆக்க வேண்டும். ஆக்காவிட்டால் ஹீட்டர் ஏறி இறங்கி ஊஞ்சலாடும். கன்ட்ரோலரில் நேரத்தில் சொல்லும் மற்ற இரண்டு அளவுகளுக்கும் (இன்டெக்ரல், டெரிவேட்டிவ்) ஒன்றும் ஆகாது என்பதால் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதும் கடினம்.

கிண்டிக்காரன்
நான் கன்ட்ரோலரைத் திருப்பச் சொல்லவே இல்லை. சொல்லாததற்குப் பதில் சொல்லாதீர்கள்.

ஓய்வுபெற்ற_மின்பணியாளர்
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நம் ஊரில் ஜுரம் ஃபாரன்ஹீட்டில், ஏசி செல்சியசில், வெயில் "சதம் அடித்தது" என்றால் மறுபடியும் ஃபாரன்ஹீட்டில். குழப்பம் உலையில் தொடங்கவில்லை, தம்பிகளே.

எங்கே மாற்றுவது என்று அடித்துக்கொள்கிறீர்கள். எதை மாற்றுகிறோம் என்று இருவருமே கேட்கவில்லை. வெப்பநிலை வேறு, வெப்பநிலை வித்தியாசம் வேறு. வித்தியாசத்துக்கு 1.8ஆல் பெருக்கினால் போதும், 32 கூட்டக்கூடாது. உலைகளின் வெப்ப அளவீட்டுக்கான ஏ.எம்.எஸ். 2750 தரநிலையில் இரண்டாம் வகுப்பு உலைக்கு ஏற்றத்தாழ்வு ±10 ஃபாரன்ஹீட், அல்லது ±6 செல்சியஸ். 32 அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் விலகல் அலாரம் (குறித்த வெப்பநிலையிலிருந்து உலை விலகினால் அடிப்பது) 6 செல்சியசில் இருந்தது. அதையும் அதே மாற்றுக் கணக்கு வழியாக அனுப்பிவிட்டார்கள். ±42.8 ஃபாரன்ஹீட் ஆனது. இரண்டு மாதம் அலாரம் அடிக்கவே இல்லை. உலை நன்றாக ஓடுகிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தோம். ஒருநாள் உலையின் கதவு அடைப்பு கிழிந்து கிடந்ததை ஆபரேட்டர் கையில் அனல் பட்டுத்தான் கண்டுபிடித்தார்.

உலைமேடை
ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உலைக்குப் போனேன். எங்கள் விலகல் அலாரத்திலும் 42.8தான் இருக்கிறது. எழுதியவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிண்டிக்காரன்
பார்த்தீர்களா? பி.எல்.சி.யில் இருந்ததால் ஒரே இடத்தில் கண்டுபிடித்தீர்கள்.

ஒற்றை_அலகு
பி.எல்.சி.யில் இருந்ததால்தான் அலாரமே கெட்டது! திரையில் மாற்றியிருந்தால் அலாரம் 6 செல்சியசிலேயே நிம்மதியாக இருந்திருக்கும்.

உலைமேடை
இருவருக்கும் நன்றி. ஒற்றை_அலகு சொன்னபடி செய்துவிட்டேன். பி.எல்.சி. முழுவதும் செல்சியஸ், அலாரம் 6, ஃபாரன்ஹீட் திரையில் மட்டும். இன்று இரண்டாம் ஷிப்டில் 755 டிகிரிக்கு ஏற்றினோம். திரை 755.1 என்று காட்டியது, செல்சியசில் 401.7. சரியாக இருக்கிறது.

கிண்டிக்காரன்
அறிக்கை அச்சிடும் கணினி?

உலைமேடை
அது 756 என்று அடித்திருக்கிறது. அதன் அமைப்புகளில் தசமம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.