சீன அரக்கு அலமாரியில் வௌவால்: கலைச்சொல் தேவை

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கல்லூரிப் பாடநூலுக்காகச் சீனாவின் சிங் அரசமரபுக் காலத்து அரக்கு மரச்சாமான்கள் பற்றிய பகுதியை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். அலமாரிக் கதவில் ஐந்து வௌவால்கள். சீனத்தில் வௌவாலும் நற்பேறும் 'ஃபூ' என்றே ஒலிக்கும், எழுத்துதான் வேறு. ஐந்து என்றால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறப்பற்று, நல்ல சாவு என்னும் ஐம்பேறு. பூச்சாடி 'பிங்', அமைதியும் 'பிங்'. மான் 'லூ', அரசு ஊதியமும் 'லூ'. இப்படி ஒரு பொருளின் உருவைக் காட்டி, அதன் பெயரைப் போல ஒலிக்கும் வேறு சொல்லை உணர்த்துவதற்கெல்லாம் மூலத்தில் ரீபஸ் (rebus) என்று ஒரே சொல். வெறுமனே 'குறியீடு' என்றால், தாமரை தூய்மையைக் குறிப்பதும் இதுவும் ஒன்றாகிவிடும். 'சிலேடைச் சின்னம்' சரியா?

*

ஐயா, சிலேடை வடசொல். நன்னூல் உத்திகளிலேயே இரட்டுற மொழிதல், அதாவது இருபொருள் படச் சொல்லுதல், இருக்கும்போது கடன் எதற்கு? 'இரட்டுறல் உரு' என்க. அரக்கு என்பதையும் விட்டுவிடாதீர்கள். அரக்கு, அரத்தம் (குருதி) இரண்டும் செம்மை, அதாவது சிவப்பு, என்னும் வேரில் பிறந்தவை என்பது என் துணிபு. சாதிலிங்கம் என்னும் செந்நிறக் கனிமம் கலந்து பல அடுக்குப் பூசிச் செதுக்கும் சீனச் செவ்வரக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

*

சீன அரக்கில் கறுப்பும் உண்டே, அங்கே செம்மை வேர் என்ன செய்யும்? பொருளே வேறு என்பதுதான் முக்கியம். நம் அரக்கு பூச்சி தருவது, சூட்டில் உருகும். அவர்களுடையது மரப்பால். ஈரக்காற்றில்தான் இறுகும், இறுகியபின் உருகாது. பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளம். அரக்கு என்றே எழுதுங்கள், ஆனால் அடிக்குறிப்பு கட்டாயம் வேண்டும். அப்புறம், வகுப்பில் 'இரட்டுறல் உரு' என்றால் பிள்ளைகள் இரட்டை வௌவாலைத் தேடுவார்கள்.

*

எனக்குச் சிலேடையே உடன்பாடில்லை. காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் பாடினால் இரண்டும் பாட்டில் நிற்கின்றன. கதவில் அப்படியில்லை. வௌவாலின் பெயரைச் சொன்னதும் அதன் வேலை முடிந்தது, பேறு மட்டும்தான் மிஞ்சுகிறது. அதனால் 'பெயரொலிச் சின்னம்'.

இன்னொன்று. வௌவாலோடு துளையிட்ட காசு வருவதைப் பாருங்கள். துளைக்குக் 'கண்' என்று பெயர், காசு 'சியன்', 'முன்' என்பதும் 'சியன்'. சேர்த்துப் படித்தால் 'நற்பேறு கண்முன்னே'. ஒரு வாக்கியமே செதுக்கியிருக்கிறார்கள்! இதைத் தனிச் சின்னம் என்பது போதாது, 'பெயரொலித் தொடர்' என்று இன்னொரு சொல்லும் வேண்டும்.

*

பெயரொலியா? சலசல, கடகட போன்ற ஒலிக்குறிப்போடு மயங்கும். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி (சொல்லைப் பிரிக்காமலே இருபொருள் தருவது), பிரிமொழி (பிரித்தால் வேறு பொருள் தருவது) என்று பகுத்திருக்கிறது. தனி வௌவால் செம்மொழியில் அடங்கும். காசும் வௌவாலும் சேர்ந்தது எதில் அடங்கும் என்று யாராவது சொல்லுங்கள். மேலும் அந்தப் பகுதியில் கோரமண்டல் திரை என்னும் அரக்கு மடிப்புத்திரை வந்தால் 'சோழமண்டலத் திரை' என்றே எழுதுங்கள். நம் பெயரை நாமே சிதைத்து எழுதலாகாது.

*

வேண்டாம் ஐயா. அவை சீனத்தில் செய்தவை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நம் கரை வழியாக ஐரோப்பா போனதால் வந்த பெயர். சோழமண்டலம் என்றால் நாகப்பட்டினத்துத் தச்சர் வேலை என்று மாணவர் எழுதிவைப்பார்கள்.

*

நன்றி. வந்த மடல்களில் பெரும்பாலானவை 'பெயரொலிச் சின்னம்' பக்கம். அதையே வைக்கிறேன். முதல் இடத்தில் வௌவாலைக் காட்டி ஒரு வரி விளக்கம். தொடருக்குத் தனிச் சொல் இப்போது இல்லை, விரித்தே எழுதிவிடுகிறேன். கோரமண்டல் அப்படியே இருக்கும், பெயர்க் காரணம் அடைப்புக்குறிக்குள். அரக்குக்கு அடிக்குறிப்பு.

*

பாடநூலுக்கு உங்கள் முடிவு. குழுவின் சொற்பட்டியலில் 'இரட்டுறல் உரு'வையும் மாற்றாகப் பதியுங்கள். நான் இசையவில்லை.