புதுப்பிப்பு: டக்ஸ்பரி இடுகாட்டில் ஸ்டாண்டிஷ் குடும்பம்

1620இல் இங்கிலாந்திலிருந்து மேபிளவர் கப்பலில் அமெரிக்கா வந்து, பிளிமத் என்ற ஆங்கிலேயர் குடியேற்றத்தின் படைத்தலைவராக இருந்த மைல்ஸ் ஸ்டாண்டிஷைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "அந்தக் காலத்துப் பெயர்க்கல் இல்லாதபோது, மாசசூசெட்ஸில் அவர் கல்லறை இதுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

துப்பு அவருடைய உயிலிலேயே இருக்கிறது. மாசசூசெட்ஸின் டக்ஸ்பரி ஊரில் இறந்தால், தமக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட மகள் லோராவுக்கும் மருமகள் மேரிக்கும் இயன்றவரை அருகில் புதைக்கச் சொல்லிவிட்டு 1656இல் கண்மூடினார். 1889இலும் 1891இலும் தோண்டிப் பார்த்தார்கள். இரண்டு இளம்பெண்களின் எலும்புக்கூடுகளுக்கு நடுவே ஒரு முதியவருடையது கிடைத்தது. உயிலோடு பொருந்துகிறது என்று முடிவுகட்டினார்கள். மரபணுச் சோதனை இல்லாத காலம்; என்னைக் கேட்டால் வலுவான ஊகம், அவ்வளவுதான். பிறகு இன்னொரு முறையும் தோண்டினார்கள். மனிதரை நிம்மதியாகத் தூங்கவிடவில்லை!

இப்போது அங்கே நான்கு பீரங்கிகள் காவல் நிற்கின்றன. ஸ்டாண்டிஷின் முதல் மனைவி ரோஸ் அங்கே இல்லை. வந்த முதல் குளிர்காலத்திலேயே பிளிமத்தில் இறந்துவிட்டார்.

எனக்கோ பீரங்கிகளைவிட லோராவின் பூத்தையல்தான் பெரிது. ஒடுங்கி நீண்ட துணி, வரிவரியாகப் பூவேலை, அடியில் தன் பெயரைச் சொல்லித் தொடங்கும் செய்யுள். அமெரிக்காவில் அறியப்பட்ட இத்தகைய தையல்களில் மிகப் பழையது. பிளிமத்தின் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே மேபிளவர் கப்பலில் வந்த ஜான் ஆல்டன், பிரிசில்லா தம்பதி பற்றிக் கேட்டவருக்கு: அவர்களும் அதே இடுகாட்டில்தான். கற்கள் மட்டும் பிற்காலத்தில் நட்டவை.