நாக்கு ஓரத்து வெள்ளைப் படலம்: எங்கள் வீட்டு அனுபவம்

அப்பாவுக்குக் கண்டியில் சிறுநீரகம் மாற்றி ஏழாவது மாதம். காலையில் பல் துலக்கிவிட்டு வந்தவர், "மகள், நாக்கு ஓரத்தில் என்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, வழித்தாலும் போகவில்லை" என்றார். முற்றத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரு ஓரங்களிலும் வெள்ளை. அலை திரும்பிய பிறகு உப்புவெளி மணலில் விழுந்து கிடக்கும் வரிகளைப்போல நிரை நிரையான மடிப்புகள். வலி இல்லை.

அப்பா மீன்வாடியில் கணக்கெழுதிய காலம் முழுவதும் வெற்றிலை போட்டவர். எனவே எல்லோருக்கும் முதலில் தோன்றியது வாய்ப்புற்றுநோய்தான். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "அந்தக் குளிசைகள்தான் உடம்பைக் கெடுக்கின்றன, நிறுத்திப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா எங்களுக்குத் தெரியாமல் இரண்டு நாள் டாக்ரோலிமஸை, அதாவது மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசையை, விழுங்காமல் விட்டிருக்கிறார். அடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கழிவு, ஏறியிருந்தது. வெள்ளைப் படலத்தைவிட அந்த இரண்டு நாள்தான் எனக்கு இன்னும் நடுக்கம் தருகிறது.

பல் வைத்தியர் சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். கூடவே எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனையும் கேட்டார். அம்மா அழுதுவிட்டார். "அம்மா, 'ஓரல் ஹேரி லூக்கோபிளேக்கியா' என்ற இந்தப் படலத்தை 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் முதன்முதலாக விவரித்தபோது எயிட்ஸோடு சேர்த்தே பேசினார்கள். பிறகு சிறுநீரகம் மாற்றியவர்களிடமும் கண்டார்கள். கேட்பது வழக்கம், சந்தேகம் அல்ல" என்று வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். முடிவில் எச்.ஐ.வி. இல்லை.

திசு அறிக்கைதான் எங்களைக் குழப்பியது. புற்றுநோய் இல்லை, எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த வைரஸைத் தேட வழக்கமாகச் செய்யும் 'ஈபர்' சோதனையில் எதுவும் தெரியவில்லை. இல்லாத வைரஸ் எப்படி நோயாகும் என்று கேட்டேன். அதற்குப் பல் வைத்தியர் தந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுத வந்தேன்.

1964இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது. இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அந்த உறக்கத்தில் அதன் மரபணுக்களில் மிகச் சிலவே இயங்கும். ஈபர் என்ற சிறு ஆர்.என்.ஏ.க்கள் (மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் மூலக்கூறுகள்) மட்டும் ஏராளமாக உருவாகும். அதனால்தான் அவற்றைத் தேடுகிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி தணிந்தவரின் நாக்கு ஓரத்திலோ கதை வேறு. நாக்கைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படையின் மேலடுக்கு அணுக்களில் பி.இசட்.எல்.எஃப்.1 என்ற மரபணு முதலில் திறந்துகொள்கிறது. அது மற்ற மரபணுக்களை எழுப்ப, வைரஸ் தன்னைத்தானே பெருக்கித் தள்ளுகிறது. இவ்வளவு மும்முரத்துக்கு நடுவே ஈபர் மட்டும் அங்கே வெளிப்படுவதில்லை! ஆகவே ஈபர் தெரியாததை வைத்து வைரஸ் இல்லை என்று சொல்ல முடியாது; வைரஸின் டி.என்.ஏ.யையோ அந்த முதல் மரபணுவின் புரதத்தையோ தேட வேண்டும். டி.என்.ஏ.யைத் தேடினார்கள். மேலடுக்கு அணுக்களின் கருக்களில் நிறைந்திருந்தது.

இந்தப் படலம் புற்றுநோயாக மாறுவதில்லை என்று வைத்தியர் சொன்னபோது அம்மா மறுபடியும் அழுதார். அசைக்ளோவிர் கொடுத்தார்கள், வெளுப்பு மங்கியது. மருந்து பெருகும் வைரஸைத்தான் தடுக்கும், உறங்குவதைத் தொடாது. அதனால் நிறுத்திய பின் திரும்பி வரலாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசைகளின் அளவைச் சிறுநீரகக் கிளினிக்கே பார்த்துத் திருத்தியது.

இதைப் படித்து எழுதியவர்கள்

மூதூரிலிருந்து ஒருவர்:
என் அக்கா லூபஸ் நோய்க்கு (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) நீண்ட காலம் பிரெட்னிசொலோன் எடுப்பவர்; அதுவும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. அவருக்கும் வாயில் வெள்ளை வந்தது, ஆனால் துணியால் துடைத்தபோது உரிந்து அடியில் சிவந்திருந்தது. அது கான்டிடா என்ற பூஞ்சை. நிஸ்டாட்டின் கரைசலில் சரியானது. வழித்தால் போகிறதா இல்லையா என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

திருகோணமலை நகரிலிருந்து, பெயர் வேண்டாம்:
எனக்கு அந்தப் படலம்தான் எச்.ஐ.வி.யைக் காட்டிக்கொடுத்தது. ஒரு வருடம் வெற்றிலைக் கறை என்று நினைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பல் வைத்தியர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில் படலம் மறைந்துவிட்டது. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தச் சோதனையில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

என் பதில்:
அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன், அண்ணா. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் மருந்தைத் தவறாமல் எடுக்கிறாரா என்று கேள்" என்றார். அப்பாவுக்கு இரவு எட்டு மணிக் குளிசையை இப்போது அம்மாவே உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை நிற்கிறார்.