தீத்தாவின் கண்காட்சிக்கு யார் யார்?

குழு: நம்ம வீடு (மணிலா – திருச்சி)

நிவேதா: மேல்வீட்டு தீத்தாவின் (இங்கே அத்தையை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தனி ஓவியக் கண்காட்சி இந்தச் சனிக்கிழமை திறப்பு. மாலை 4 மணி. மகாட்டியிலேயே, சினோ ரோசஸ் சாலைக் கேலரி. குடும்பத்தோடு வரச் சொல்லி நேரில் வந்து அழைத்துவிட்டுப் போனார். யார் யார் வருகிறீர்கள்?

அப்பா: வண்டியில் நாலு பேர்தான்.

கார்த்தி: நான் பிஜிசி பகுதியிலிருந்து நேரே வருகிறேன்.

அப்பா: சனிக்கிழமை நம் வண்டி நம்பருக்குக் கோடிங் தடை உண்டா?

கார்த்தி: சனி ஞாயிறு கோடிங் கிடையாது மாமா. இத்தனை வருடமாக இங்கே வண்டி ஓட்டுகிறீர்கள்!

மல்லிகா மாமி: நாங்கள் கேசான் சிட்டியிலிருந்து எட்சா சாலை நெரிசலில் வந்து சேருவதற்குள் கண்காட்சியே முடிந்துவிடும்.

ரவி மாமா: எட்சாவைப் பிறகு பார்ப்போம். போவதற்கு முன் எல்லோரும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பிலிப்பைன்ஸ் ஓவியம் என்றால் முதலில் ஹுவான் லூனா. 1884இல் மத்ரித் கண்காட்சியில் இவருடைய 'ஸ்போலியாரியம்' தங்கப் பதக்கம் வாங்கியது. அதே கண்காட்சியில் இன்னொரு பிலிப்பைன்ஸ் ஓவியர் இதால்கோவுக்கு வெள்ளி. காலனி நாட்டுக்காரர்கள் இருவர் ஸ்பெயின் தலைநகரிலேயே ஜெயித்தார்கள். அதற்கு வைத்த விருந்தில்தான் இந்த நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசால் பேசினார். ஸ்போலியாரியத்தில் இருப்பது, ரோமானிய அரங்கில் சண்டையிட்டு இறந்துபோன கிளாடியேட்டர்களைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகிற காட்சி. 4 மீட்டருக்கு மேல் உயரம், 7 மீட்டருக்கு மேல் அகலம். மணிலா தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அனுமதி இலவசம். (தொடரும்)

நிவேதா: சரி மாமா.

அம்மா: சாப்பாடு உண்டா அங்கே?

மல்லிகா மாமி: லும்பியா வைப்பார்கள், ஸ்பிரிங் ரோல் மாதிரி. உள்ளே என்ன என்று கேட்காமல் கை வைக்காதீர்கள். போன முறை இவர் காய்கறி என்று நம்பி நாலு சாப்பிட்டார்.

ரவி மாமா: மூன்று.

அம்மா: நான் தயிர்சாதம் எடுத்துக்கொள்கிறேன்.

நிவேதா: அம்மா, கேலரிக்குள் டப்பாவைத் திறக்க முடியாது!

கார்த்தி: ஒரு நிமிடம். கேலரியின் இன்ஸ்டாவில் படங்கள் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று நம் பாட்டி!!

அப்பா: எந்தப் பாட்டி?

கார்த்தி: நமக்கு இங்கே எத்தனை பாட்டி மாமா?

கார்த்தி: (புகைப்படம்)

நிவேதா: ஐயோ, மொட்டைமாடி வடாம்! பாட்டி குந்தி உட்கார்ந்திருக்கிறார். ஒரு கால் செருப்பிலிருந்து வெளியே. காற்றில் துணி பறக்காமல் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். குருவிக்கு வைத்த கறுப்புக் குடைகூட இருக்கிறது. அதில் ஒரு கம்பி உடைந்திருப்பதைக்கூட விடவில்லை.

அப்பா: யாரைக் கேட்டு வரைந்தார்?

நிவேதா: பாட்டியைக் கேட்டுத்தான் இருக்கும். இரண்டு பேரும் பேசுவது யாருக்குப் புரிகிறது?

பாட்டி: (குரல் செய்தி 0:38)

நிவேதா: திருச்சியில் சித்ரா அத்தைக்கு ஸ்பீக்கர் சரியில்லை என்பதால் எழுதுகிறேன். "கேட்டாள், சரி என்றேன். மூக்குத்தி போட்டாளா?" என்கிறார் பாட்டி.

கார்த்தி: போட்டிருக்கிறார் பாட்டி. ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி.

ரவி மாமா: வெயில் பின்னாலிருந்து விழுவதைக் கவனியுங்கள். ஓவியர் அமோர்சோலோவின் வழி அது. 1972இல் தேசியக் கலைஞர் பட்டம் முதன்முதலில் அவருக்குத்தான். நெல் நடுகிற பெண்களை இப்படித்தான் ஓரத்தில் ஒளி தெறிக்க வரைவார். ஆனால் இங்கே முகத்தில் அவருடைய அழகுபடுத்தல் இல்லை. வேலை செய்கிற பெண்கள் என்றால் எனக்கு ஓவியர் அனிதா மக்சாய்சாய்-ஹோதான். 13 நவீன ஓவியர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது, அதில் ஒரே பெண்...

சித்ரா அத்தை: பெரிதாக்கிப் பார்த்தேன். வடாம் எந்தத் துணியில் காய்கிறது?

நிவேதா: ஏதோ பழைய துணி அத்தை.

சித்ரா அத்தை: மயில்கழுத்துக் கலர், அரக்கு பார்டர். சுங்குடி. போன தீபாவளிக்கு அண்ணிக்கு நான் அனுப்பியது.

அப்பா: ஓவியர் கற்பனையாக இருக்கும்.

சித்ரா அத்தை: குடைக்கம்பியை அப்படியே வரைந்தவர் புடவையில் மட்டும் கற்பனை பண்ணுவாரா அண்ணா?

ரவி மாமா: சித்ரா, ஓவியர்கள் நிறத்தை மாற்றுவது சகஜம். ஓவியர் மனன்சாலாவை எடுத்துக்கொண்டால் கண்ணாடித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதுபோல...

சித்ரா அத்தை: முடிச்சுப் புள்ளிகூட எண்ணலாம் ரவி.

மல்லிகா மாமி: கண்காட்சி முடிந்ததும் அங்கிருந்து பக்கத்தில் எங்கேயாவது சாப்பிடலாமா? நிவேதாவுக்கு ரிசல்ட் எப்போது?

கார்த்தி: படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு இருக்கிறது.

பாட்டி: (குரல் செய்தி 0:09)

நிவேதா: "யார் பொட்டு வைத்தது, எனக்கா?" என்கிறார்.

ரவி மாமா: பெயர்ச்சீட்டின் பக்கத்தில் ஒட்டுவார்கள். விற்றுவிட்டது என்று அர்த்தம். திறப்புக்கு முன்னாலேயே வழக்கமான வாடிக்கையாளர்களுக்குக் காட்டிவிடுவார்கள்.

அப்பா: அம்மாவை யார் வாங்கினார்கள்??

கார்த்தி: கேலரி பெயர் சொல்லாது மாமா.

அப்பா: விலை கேள்.

நிவேதா: விற்ற படத்துக்கு விலை கேட்டு என்ன செய்ய அப்பா?

அப்பா: தெரிந்துகொள்ளத்தான்.

அம்மா: எனக்குச் சனிக்கிழமை வேலை இருக்கிறது. நீங்கள் போய் வாருங்கள்.

சித்ரா அத்தை: அண்ணி எதற்கு வராமல்? புடவையைப் பார்க்க வேண்டாமா?

பாட்டி: (குரல் செய்தி 1:12)

நிவேதா: "அந்தச் சுங்குடியை அலசிப் போடு, அதையே கட்டிக்கொண்டு கேலரிக்கு வருகிறேன், படத்தோடு பொருத்தமாக இருக்கும்" என்கிறார். மீதியெல்லாம் குடையைப் பற்றி.

அம்மா: அத்தை, அதை ரெண்டாகக் கிழித்தது நீங்கள்தானே! வேட்டி தேடிக் கிடைக்கவில்லை என்று என் அலமாரியைத் திறந்து, கேட்காமலே எடுத்தீர்கள். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

மல்லிகா மாமி: அட.

கார்த்தி: ஓ.

அப்பா: அதெல்லாம் வீட்டில் பேசிக்கொள்ளலாம். கேலரி எந்த மாடி? அம்மாவுக்கு லிஃப்ட் இருக்கிறதா?

நிவேதா: கேட்டுச் சொல்கிறேன். தீத்தாவுக்கு என்ன கொடுப்பது? பூங்கொத்து எல்லோரும் கொண்டுவருவார்கள்.

மல்லிகா மாமி: வடாம் கொடுங்கள்.

ரவி மாமா: நல்ல யோசனை. பொரித்தா, பொரிக்காமலா?

அப்பா: முதலில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள்.

சித்ரா அத்தை: கண்காட்சி எத்தனை நாள் இருக்கும்?

நிவேதா: ஒரு மாதம் போல. ஏன் அத்தை?

சித்ரா அத்தை: என் அம்மா படத்தை நானும் பார்க்க வேண்டாமா? விசா கிடைக்க எத்தனை நாள் ஆகும்?

ரவி மாமா: விசாவே வேண்டாம் சித்ரா. 2025 ஜூனிலிருந்து இந்தியர்கள் சுற்றிப் பார்க்க வந்தால் 14 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும், தங்கும் இடம் காட்ட வேண்டும்.

சித்ரா அத்தை: தங்கும் இடத்துக்கு என்ன, அண்ணன் வீடு இருக்கிறதே.

அம்மா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)